மலை ரயிலில் கேத்திக்கு: டிக்கெட்டில் தொடங்கி வர்க்கியில் முடியும் வழிகாட்டி

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10க்கு மலை ரயில் ஏறுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊட்டிக்குப் போகிறவர்கள். ஏரி, படகு, பூங்கா, சாக்லேட், திரும்பி வருவது. அதற்கு வழிகாட்டி நிறையவே இருக்கிறது. நான் சொல்லப் போவது ஊட்டிக்கு இரண்டு ஸ்டேஷன் முன்னால் இருக்கும் கேத்தியில் இறங்குகிறவர்களுக்கு. மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாகக் காய்கறித் தோட்டம், நடுநடுவே ஓட்டு வீடுகள் வரிசையாக நிற்கும் ஹட்டிகள் என்ற படுகர் ஊர்கள், ஒரு சின்ன ஸ்டேஷன். அவ்வளவுதான் ஊர். பார்க்க வேண்டிய இடங்கள் என்று பட்டியல் போட ஒன்றும் கிடையாது. அதனால்தான் போகச் சொல்கிறேன்.

இதுவரை நான்கு முறை கிளம்பியிருக்கிறேன். இரண்டு முறை நினைத்தபடி போய்ச் சேர்ந்தேன். ஒரு முறை டிக்கெட் இல்லாமல் ஸ்டேஷன் வாசலிலிருந்தே திரும்பினேன். இன்னொரு முறை மழை ரயிலை நிறுத்திவிட்டது. கீழே இருக்கும் யோசனைகளில் பாதி, நினைத்தபடி நடக்காத அந்த இரண்டு பயணங்கள் கற்றுக்கொடுத்தவை.

முதலில் மாதம்

எந்தத் தேதி என்று பார்ப்பதற்கு முன் எந்த மாதம் என்று முடிவு செய்யுங்கள். நீலகிரியின் மேற்குப் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவமழை. குன்னூர், கோத்தகிரி இருக்கும் கிழக்குச் சரிவுக்கு வடகிழக்குப் பருவமழைதான் பெரிய மழை. ரயில் ஏறுவது இந்தக் கிழக்குச் சரிவில். அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை, மலையடிவாரத்துக் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிவதும் மரம் சாய்வதும் பாறை உருண்டு தண்டவாளத்தில் உட்கார்ந்துகொள்வதும் வருஷா வருஷம் நடக்கிற கதை. 2009 நவம்பர் மழையை மலைக்காரர்கள் இன்னும் மறக்கவில்லை. அந்த மாதங்களில் போகக் கூடாது என்று சொல்லவில்லை. அருவிகள் அப்போதுதான் உயிரோடு இருக்கும். ஆனால் "ரயில் ஓடினால் லாபம்" என்ற மனநிலையோடு போக வேண்டும்.

ஏப்ரல், மே வேண்டவே வேண்டாம். கோடை விடுமுறைக் கூட்டத்தில் டிக்கெட்டும் கிடைக்காது, அறையும் கிடைக்காது. என் தேர்வு ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் நடு வரை. வானம் தெளிவாக இருக்கும், காலையில் குளிர் கடிக்கும், பள்ளிகள் நடக்கிற காலம் என்பதால் வார நாட்களில் கூட்டம் குறைவு. ஜனவரியில் போனால் விடிகாலையில் தோட்டங்களில் உறைபனி படிந்திருப்பதையும் பார்க்கலாம். பார்ப்பதற்கு அழகு. பயிர் வைத்தவருக்கு அது கருகல். ஊர்க்காரர்கள் முன்னால் "ஆகா" என்று கத்தாதீர்கள்.

டிக்கெட்

நான் முட்டாளான இடம் இது. முதல் முறை போனபோது காத்திருப்புப் பட்டியலில் 14ஆம் இடம். திருச்சியிலிருந்து சென்னை போகும் ரயில் என்றால் 14 என்பது ஒரு பொருட்டே இல்லை, இரண்டே நாளில் உறுதியாகிவிடும். அதே கணக்கை இங்கேயும் போட்டேன். மலை ரயிலில் மொத்தமே மூன்று நான்கு சின்னப் பெட்டிகள்தான் என்பதும், டிக்கெட் எடுத்தவர்கள் யாரும் லேசில் ரத்து செய்ய மாட்டார்கள் என்பதும் எனக்கு உறைக்கவில்லை. பட்டியல் தயாரான பிறகும் என் எண் 9. இணையத்தில் எடுத்த காத்திருப்பு டிக்கெட் அப்படியே நின்றுபோனால் தானாகவே ரத்தாகிப் பணம் திரும்பி வந்துவிடும். பணம் வந்தது. நானும் குடும்பமும் மேட்டுப்பாளையத்தில் இருந்தோம்.

அதனால் வரிசையாகச் செய்ய வேண்டியது இது. முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால் திறக்கிறது. 2024 நவம்பருக்கு முன் 120 நாளாக இருந்தது. பழைய கட்டுரைகளைப் படித்து ஏமாறாதீர்கள். உங்கள் தேதிக்குச் சரியாக 60 நாள் முன்பு, காலை 8 மணிக்கு ஐஆர்சிடிசியில் உட்கார்ந்துவிடுங்கள். புறப்படும் இடத்தில் மேட்டுப்பாளையம், சேரும் இடத்தில் உதகமண்டலம். "ஊட்டி" என்று போட்டுத் தேடிக் கிடைக்காமல் ரயிலே இல்லை என்று முடிவு கட்டியவர்களை எனக்குத் தெரியும். கேத்தி வரை என்று தனியாக மெனக்கெட வேண்டாம். உதகை வரை எடுத்துவிட்டுக் கேத்தியில் இறங்கிக்கொள்ளுங்கள், யாரும் ஒன்றும் சொல்லப் போவதில்லை.

முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா? மேலே ஏறும்போது இன்ஜின் பின்னாலிருந்து தள்ளும். ஆகவே ரயிலுக்கு முன்னால் இன்ஜின் கிடையாது. முதல் வகுப்பு அந்த முன்கோடியில் இருக்கும். கண்ணாடி வழியாகத் தண்டவாளம் நேராக உங்களை நோக்கி வருவதைப் பார்க்கலாம். காசு இருந்து இடமும் கிடைத்தால் எடுங்கள். கிடைக்காவிட்டால் வருந்த ஒன்றுமில்லை. இரண்டாம் வகுப்பில் ஒரு பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்து, எதிர் பெஞ்சுக்காரர்களின் முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு போவதில் ஒரு கலகலப்பு இருக்கிறது. குன்னூர் வருவதற்குள் எல்லாருடைய முறுக்கும் எல்லார் கையிலும் இருக்கும்.

முன்பதிவில்லாத இடங்களை நம்பி வருகிறவர்களும் உண்டு. இருட்டோடு வந்து வரிசையில் நிற்பார்கள். தனியாள் என்றால் முயன்று பாருங்கள். வயதானவர்கள், குழந்தைகளோடு அந்தச் சூதாட்டம் வேண்டாம்.

எந்தப் பக்கம் உட்கார வேண்டும் என்று எல்லாரும் கேட்பார்கள். குன்னூர் வரை இடப்பக்கம், அப்புறம் வலப்பக்கம் என்பது வழக்கமான பதில். இடத்தைக் கணினி கொடுக்கப் போகிறது, பேசிப் பயனில்லை. 208 வளைவு இருக்கிற பாதை. எந்தப் பக்கம் உட்கார்ந்தாலும் ஏதாவது ஒரு வளைவில் பள்ளத்தாக்கு உங்கள் ஜன்னலுக்கு வரும்.

முந்தைய இரவு

சென்னைக்காரர்களுக்குச் சிக்கல் குறைவு. இரவு சென்ட்ரலில் நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறினால் விடிகாலை மேட்டுப்பாளையத்தில் இறங்கி, நடைமேடை மாறி மலை ரயிலைப் பிடிக்கலாம். மற்ற ஊர்க்காரர்கள் கோவை வந்து, அங்கிருந்து 35 கிலோமீட்டர் பஸ்ஸில் வரவேண்டும். அதை அதிகாலையில் செய்யாதீர்கள். முந்தைய நாளே மேட்டுப்பாளையம் வந்து ஸ்டேஷனுக்கு நடக்கும் தூரத்தில் ஒரு அறை எடுங்கள். சுமாரான அறைதான் கிடைக்கும். ஒரு ராத்திரிதானே.

மாலையில் நேரம் இருந்தால் ஊரைச் சுற்றிப் பாருங்கள். மேட்டுப்பாளையம் என்றாலே எல்லாருக்கும் ரயில்தான் நினைவுக்கு வரும். ஆனால் ஊர் பிழைப்பது காய்கறியிலும் உருளைக்கிழங்கிலும். மலையில் விளையும் கேரட், பீட்ரூட், கோஸ், உருளை எல்லாம் இங்கே உள்ள மண்டிகளுக்கு இறங்கித்தான் மற்ற ஊர்களுக்குப் போகிறது. நாளைக்கு நீங்கள் ஏறப் போகும் மலையிலிருந்து கேரட் உங்களுக்கு எதிர்த்திசையில் இறங்கிக்கொண்டிருக்கும்.

பை

சின்னப் பை. இதை மட்டும் கேளுங்கள். சக்கரம் வைத்த பெரிய பெட்டியோடு ஒருமுறை போய், அதை வைக்க இடம் இல்லாமல் மூன்று மணி நேரம் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் இருந்த அம்மா பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு, "தம்பி, ஒரு வாரத்துக்கா போறீங்க?" என்றார். இரண்டு நாளுக்கு என்று சொல்ல வெட்கமாக இருந்தது.

அப்புறம்:
- ஸ்வெட்டர் பையின் மேலே இருக்கட்டும். மேட்டுப்பாளையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர், கேத்தி 2,000 மீட்டருக்கு மேல். நாலரை மணி நேரத்துக்குள் வேர்வையிலிருந்து நடுக்கத்துக்குப் போவீர்கள்.
- எவர்சில்வர் தண்ணீர் பாட்டில். நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை உண்டு, பிடித்தால் அபராதம்.
- வெள்ளைச் சட்டை வேண்டாம். புகை வரும் பக்கம் உட்கார்ந்தால் சாயங்காலம் தெரியும்.
- பிஸ்கட், பழம், குமட்டலுக்கு இஞ்சி மிட்டாய். சாப்பாட்டுப் பொட்டலம் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

ரயில் பெட்டிகளில் கழிப்பறை கிடையாது. மேட்டுப்பாளையத்தில் ஏறுவதற்கு முன் ஒரு முறை, குன்னூரில் ஒரு முறை. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். காலைக் காபியின் அளவை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

ஏறிய பிறகு

கிளம்பியதும் பவானி ஆற்றுப் பாலம். அப்புறம் பாக்குத் தோப்புகள். கல்லாறு வரை சாதாரண ரயில் மாதிரிதான் ஓடும், பக்கத்தில் யாராவது "இதுக்கா இவ்வளவு பேச்சு?" என்பார்கள். பேசாமல் இருங்கள்.

கல்லாறு தாண்டியதும் ரயில் நடை தளர்ந்து, ஊர்ந்து, கிட்டத்தட்ட நின்றே போகும். அப்போது பேச்சை நிறுத்திவிட்டுக் காலுக்கடியில் கவனியுங்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புப் பட்டைகள் தொடங்குகின்றன. அருகருகே இரண்டு வரிசை. ஒன்றில் பல் இருக்கும் இடத்தில் அடுத்ததில் பள்ளம். இன்ஜினின் அடியில் இருக்கும் பல்சக்கரம் அதில் மெதுவாகக் கடித்துப் பிடிக்கும். ஒரு சின்ன உதறல், ஒரு "கடக்", அதன்பின் சத்தமே மாறிவிடும். அதுவரை இரும்பு உருண்ட சத்தம். இனிமேல் இரும்பு இரும்பை மென்று ஏறும் சத்தம். ஒரு பல் நழுவினாலும் அடுத்த பல் பிடியில் இருக்கும்படி ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளர் கண்டுபிடித்த ஏற்பாடு இது. 12 மீட்டர் போனால் ஒரு மீட்டர் உயரும் ஏற்றம். வெறும் சக்கரம் இந்த ஏற்றத்தில் வழுக்கிவிடும்.

இந்தப் பாதைக்கு முதல் யோசனை எழுந்தது 1854இல். வேலை தொடங்கியது 1891இல். குன்னூர் வரை ரயில் வந்தது 1899இல், ஊட்டிக்கு வந்தது 1908இல். அரை நூற்றாண்டுக்கு மேல் இழுத்தது ஏன் என்பது ஜன்னலுக்கு வெளியே பார்த்தால் தெரியும். மொத்தம் 46 கிலோமீட்டருக்குள் 16 சுரங்கம், 250 பாலம். ஒவ்வொரு சுரங்கத்துக்குள் நுழையும்போதும் ரயில் முழுக்க "ஓ" என்று கத்தும். முதல் சுரங்கத்தில் குழந்தைகள் கத்துவார்கள். நாலாவது சுரங்கத்தில் அவர்களின் தாத்தாக்களும் கத்திக்கொண்டிருப்பார்கள். 2005இல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக்கியது இந்தக் கூச்சலையும் சேர்த்துத்தான் என்று வைத்துக்கொள்கிறேன்.

பெட்டிகளின் முன்பக்கத் திண்ணையில் நிற்கும் பிரேக்ஸ்மேனைப் பாருங்கள். முன்பெட்டியில் நிற்பவர் பாதையைப் பார்த்துக் கொடி காட்டுவார், அடுத்த பெட்டிக்காரர் அதைப் பார்த்துத் தன் கொடியைக் காட்டுவார், அப்படியே கடைசியில் தள்ளிக்கொண்டு வரும் இன்ஜின் வரை சேதி போகும். ஓட்டுநருக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதே. இந்த ரயிலை ஓட்டுவது ஒருவர் இல்லை, ஒரு வரிசை.

இன்ஜினைப் பற்றி எனக்கு ஒரு சொந்தப் பெருமை உண்டு. பழைய இன்ஜின்கள் சுவிட்சர்லாந்தில், விண்டர்தூரில் செய்தவை. புதியவை எங்கள் ஊர்ப் பொன்மலைப் பணிமனையில் கட்டியவை. திருச்சிக்காரன் ஒருவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் கல்லாறு தாண்டுவதற்குள் இதைச் சொல்லிவிடுவான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

பல்தடத்தில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டரைத் தாண்டாது. சுமார் 20 கிலோமீட்டர் ஏற மூன்று மணி நேரம். செல்போனில் சிக்னல் வந்து வந்து போகும், போனால் போகட்டும். படம் எடுக்கக் கையை நீட்டாதீர்கள். பாறையை ஒட்டியே ரயில் போகும் இடங்கள் உண்டு.

வழியில் ஹில்குரோவ் வரும். இன்ஜின் தண்ணீர் குடிக்கும் இடம். ஸ்டேஷனில் பெரிய குழாயை வளைத்து இன்ஜின் தலைமேல் விட்டுத் தண்ணீர் பிடிப்பார்கள். எல்லாரும் இறங்கி டீ குடிப்பார்கள், இன்ஜினோடு படம் எடுத்துக்கொள்வார்கள். இங்கேதான் சாப்பாட்டுப் பொட்டலத்துக்கு ஆபத்து. நான் எலுமிச்சம் சாதப் பொட்டலத்தை இருக்கையில் வைத்துவிட்டு, "ரெண்டு நிமிஷம்" என்று இறங்கினேன். திரும்பிப் பார்த்தபோது ஜன்னல் கம்பியில் ஒரு தாய்க்குரங்கு உட்கார்ந்திருந்தது. வாழை இலையைப் பொறுமையாகப் பிரித்தது. சாதத்தை ஒரு பிடி எடுத்து முகர்ந்தது. பிறகு உள்ளே வைத்திருந்த உருளைக்கிழங்கு வறுவலை மட்டும் தேர்ந்தெடுத்துத் தன் குட்டிக்குக் கொடுத்தது. சாதத்தை என் இருக்கையிலேயே கொட்டிவிட்டுப் போய்விட்டது. குன்னூர் வரை எலுமிச்சம் சாதத்தின் மேல் உட்கார்ந்துதான் வந்தேன். ஆகவே ஜன்னலைச் சாத்துங்கள், பையில் ஜிப் போடுங்கள். குரங்குக்கு நீங்களாக ஒன்றும் கொடுக்காதீர்கள். கொடுத்துப் பழக்கியதன் பலனைத்தான் நான் அனுபவித்தேன்.

குன்னூர்

பத்தரை மணி வாக்கில் குன்னூர். நீராவி இன்ஜின் இங்கே கழன்றுகொள்ளும், மேலே டீசல் இன்ஜின். அரைகுறையாக விஷயம் தெரிந்தவர்கள் "இனிமே ஒண்ணும் இல்ல" என்று சொல்லி இங்கேயே இறங்கிப் போவார்கள். நல்லது, இடம் காலியாகும். ரயில் கிளம்பும்போது வந்த வழியிலேயே கொஞ்சம் பின்னால் போய், அப்புறம் வேறு பாதையில் மேலே திரும்பும். திசை மாறியதாகப் பயப்பட வேண்டாம்.

வெலிங்டனில் ராணுவப் பயிற்சி மையம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை. இதுவரை காடாக இருந்த மலை இங்கே ஊராகிவிடும். அதன்பின் யூகலிப்டஸ் மரங்கள், தேயிலை. ஒரு வளைவில் திடீரென்று வலையை உதறி விரித்தமாதிரி ஒரு பள்ளத்தாக்கு திறக்கும். பச்சையில் இத்தனை வகையா என்று இருக்கும். கேரட் ஒரு பச்சை, உருளை ஒரு பச்சை, கோஸ் நீலம் கலந்த பச்சை, உழுது போட்ட இடம் செம்மண். பையை எடுங்கள். அடுத்த ஸ்டேஷன் நம்முடையது.

ரயில் ரத்தானால்

கேத்தியில் இறங்குவதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். மூன்றாவது முறை கிளம்பியது நவம்பரில். காலை 6 மணிக்கு அறையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது ரயில் ரத்து என்று குறுஞ்செய்தி வந்தது. ராத்திரி மழையில் பாதையில் மண் சரிந்திருந்தது. ஸ்டேஷனில் போய்ப் பார்த்தால் ஒரு கல்யாண வீட்டுக் கூட்டம் அளவுக்கு ஆட்கள், எல்லார் முகமும் தொங்கிப்போயிருந்தது. பாதிப் பேர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள்.

திரும்பத் தேவையில்லை. மண் சரிவது பெரும்பாலும் கல்லாறுக்கும் குன்னூருக்கும் நடுவில். அதற்கு மேலே, குன்னூருக்கும் ஊட்டிக்கும் நடுவே, டீசல் வண்டிகள் தனியாக ஒரு நாளைக்குச் சில நடைகள் ஓடுகின்றன. கீழ்ப்பாதை மூடினாலும் இவை பல சமயம் ஓடும். ஆகவே:

மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் குன்னூர் பஸ் ஏறுங்கள். மலைப்பாதையில் 14 கொண்டை ஊசி வளைவு; இஞ்சி மிட்டாய் இங்கேதான் உதவும். குன்னூரில் இறங்கி ரயில் நிலையத்துக்கு நடங்கள், அடுத்த உதகை வண்டி எப்போது என்று கேளுங்கள், கேத்திக்கு டிக்கெட் எடுங்கள். கேத்தி இங்கிருந்து சுமார் 10 கிலோமீட்டர். அந்த மழை நாளில் நான் அப்படித்தான் போனேன். பெட்டியில் பள்ளிக்கூடப் பையன்கள் இரண்டு பேர், ஒரு மூட்டையோடு ஒரு பாட்டி, நான். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை மூட்டம் தவிர வேறெதுவும் இல்லை. பள்ளத்தாக்கு இருக்கிறது என்று நம்பிக்கொண்டு போனேன். கேத்திக்கு ஐந்து நிமிஷம் முன்னால் மேகம் ஒரு இடத்தில் கிழிந்து, கீழே எங்கோ ஆழத்தில் ஒரு வரிசை ஓட்டு வீடுகளும் ஒரு கோயிலும் தெரிந்தன. உடனே மூடிக்கொண்டது. நான்கு பயணத்திலும் எனக்கு நன்றாக நினைவில் இருப்பது அந்த ஒரு நிமிஷம்தான்.

ரயிலை முழுதாக ரத்து செய்தால் இணைய டிக்கெட்டுக்குப் பணம் தானாகத் திரும்ப வந்துவிடும். சொந்தக் காரில் மேலே போகலாம் என்று யோசித்தால், 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் என்பதை நினைவில் வையுங்கள். ரயிலிலும் அரசு பஸ்ஸிலும் போகிறவர்களுக்கு அது தேவையில்லை.

கேத்தியில்

ரயில் நிற்பது கொஞ்ச நேரம்தான். கதவருகே தயாராக நின்று இறங்குங்கள். இறங்குகிறவர்கள் உங்களோடு சேர்த்து நான்கைந்து பேர் இருப்பார்கள். ரயில் போனதும் ஒரு அமைதி வரும். சமவெளிக்காரன் காது அதற்குப் பழக ஐந்து நிமிஷம் பிடிக்கும். பெஞ்சில் உட்காருங்கள்.

நான் இறங்கிய நாட்களில் ஸ்டேஷன் வாசலில் ஒரு ஆட்டோவும் இல்லை. தங்குமிடத்தை முன்பே பேசி வைத்து, ஸ்டேஷனுக்கு வண்டி அனுப்ப முடியுமா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய ஓட்டல்கள் ஊட்டியிலும் குன்னூரிலும்தான். இங்கே வீட்டோடு சேர்ந்த அறைகள். முன்பதிவு செய்யாமல் போய் நிற்காதீர்கள். வெந்நீர் எந்த நேரம் வரும் என்று கேட்பது மறக்கக் கூடாத கேள்வி.

செய்ய வேண்டியது நடப்பது. தோட்டங்களுக்கு நடுவே போகும் பாதைகளில் நடக்கலாம், ஆனால் வரப்பில் கால் வைப்பதற்கு முன் யாராவது இருந்தால் கேட்டுவிட்டுப் போங்கள். ஹட்டிக்குள் போனால் வீடுகளையும் பெண்களையும் கேட்காமல் படம் எடுக்க வேண்டாம். அது மனிதர்கள் குடியிருக்கும் தெரு. டிசம்பர், ஜனவரியில் படுகர்கள் கும்பிடும் ஹெத்தை அம்மனின் பண்டிகைக் காலம். வெள்ளை உடுத்தி ஊர் ஊராக நடந்து போகிறவர்களைப் பார்த்தால் ஒதுங்கி வழிவிடுங்கள்.

விடிகாலையில் எழுந்தால் கேத்தி பாலாடா பக்கம் போய்ப் பாருங்கள். அங்கே கேரட் கழுவுகிறார்கள். லாரியிலிருந்து மண்ணோடு மண்ணாக மூட்டை இறங்கும். சல்லடை போட்ட பெரிய உருளை ஒன்று சுழலும், உள்ளே தண்ணீர் பீய்ச்சும். ஒரு பக்கம் போவது சேறு அப்பிய ஏதோ ஒன்று. கொஞ்ச நேரத்தில் மறுபக்கம் கொட்டுவது கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம். அந்தக் குளிரில் முழங்கை வரை ஈரத்தோடு ஆட்கள் தரம் பிரித்து மூட்டை கட்டுகிறார்கள். நான் வாயைப் பிளந்து பார்ப்பதைக் கண்டு ஒரு பெரியவர், "எங்கிருந்து வர்றீங்க தம்பி?" என்றார். திருச்சி என்றேன். "நீங்க போறதுக்கு முன்னாடி இது போயிடும்" என்று சொல்லி ஒரு கேரட்டை எடுத்து உடைத்துப் பாதியை நீட்டினார். அது பல்லில் உடைந்த சத்தம் எனக்கே கேட்டது. வீட்டில் வாங்குகிற கேரட் வளையும், உடையாது.

விலை எப்படி என்று கேட்டேன். "விலை இருக்கற நாள்ல விளைச்சல் இருக்காதுங்க" என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தைக்கப் போய்விட்டார்.

ஒரு எச்சரிக்கை. மாலை ஆறு மணிக்குமேல் தனியாக நடக்காதீர்கள். தேயிலைத் தோட்டங்களில் காட்டெருமைகள் மேயும்; தூரத்திலிருந்து பார்க்கச் சாதுவாக இருக்கும், கிட்டே போகக் கூடாது. இந்த மலையில் கரடியும் குடியிருப்புகளுக்கு வருகிறது. தங்குமிடத்துக்காரர் "இருட்டினா வெளிய போகாதீங்க" என்றால் அது வழக்கமான உபசாரப் பேச்சு இல்லை.

திரும்புவது

மலை ரயில் உதகையிலிருந்து பிற்பகல் 2 மணிக்குக் கிளம்பி மாலை ஐந்தரை, ஐந்தே முக்காலுக்குள் மேட்டுப்பாளையம் சேரும். கேத்தியிலும் ஏறலாம், ஆனால் முன்பதிவு உதகையிலிருந்து இருந்தால் உதகைக்கே போய் ஏறுங்கள். இடையில் ஏறி இடத்துக்குச் சண்டை போட வேண்டாம். இறக்கத்துக்கு டிக்கெட் கிடைப்பது கொஞ்சம் சுலபம் என்பது என் அனுபவம். ஏற்றத்துக்குக் கிடைக்கவில்லை என்றால் பஸ்ஸில் ஏறி ரயிலில் இறங்குவது மோசமான திட்டம் இல்லை. நேரமும் ஒரு மணிக்கு மேல் குறைவு. ஆனால் இறங்கும்போது இன்ஜின் முன்னால் இருக்கும், புகை முகத்துக்கு வரும். ஏற்றத்தில் இன்ஜின் மூச்சிரைக்க மலையோடு போராடுகிற சத்தமும் இதில் கிடைக்காது. இரண்டில் ஒன்றுதான் என்றால் ஏற்றத்தையே எடுங்கள்.

அன்றைக்கே வேறு ரயில் பிடிக்க வேண்டியிருந்தால், மேட்டுப்பாளையத்தில் குறைந்தது மூன்று மணி நேர இடைவெளி விடுங்கள். மழைக்காலம் என்றால் ஒரு ராத்திரி.

கிளம்புவதற்கு முன் ஊட்டியிலோ குன்னூரிலோ வர்க்கி என்ற மொறுமொறு பிஸ்கட் வாங்குங்கள். 2023இல் புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு. கையால் பிட்டால் அடுக்கடுக்காக வர வேண்டும், கட்டியாக இருந்தால் வேறு கடை பாருங்கள். பையின் அடியில் வைக்காமல் கையிலேயே கொண்டுபோங்கள். நான் வாங்கியதன் மேல் யாரோ ஒரு பெரிய பெட்டியை வைத்துவிட்டார்கள். திருச்சி வந்து பிரித்தால் அரைக் கிலோ தூள். நாங்கள் அதை டீயில் போட்டுக் கரண்டியால் சாப்பிட்டோம்.